மற்றும் குழுவினர்

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் மறக்காது. படத்தின் பெயர், இசையமைத்தவர் பெயர், எழுதியவர் பெயர், பாடியவர்கள் பெயர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கி அறிவிப்பாளர் சொல்வார்: 'மற்றும் குழுவினர்'. இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டச் சீட்டிலும் அதே சொல்தான். யார் அந்தக் குழுவினர், எத்தனை பேர், ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன கூலி என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் தாயில்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டே அந்தப் பாட்டுகளைப் பாடிய பெண்களில் ஒருத்திதான் சுசீலாவாக இருக்க முடிந்தது. மிச்சப் பேரெல்லாம் குழுவினர்தான். (எங்கள் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். கரி மருந்தைக் கையால் அள்ளுகிற இடத்துக்கு 'ஆபீஸ்' என்று பெயர் வந்த கதையைத் தனியாக எழுத வேண்டும்.)

இந்தக் கட்டுரை அமெரிக்கக் கறுப்பின மக்களின் குரற்குழுக்களைப் பற்றியது. 1960-களின் கடைசியிலிருந்து 70-களின் நடுப்பகுதி வரை 'சோல்', 'ஃபங்க்' என்ற பெயர்களில் இவை வெளியிட்ட தட்டுகள் நூற்றுக்கணக்கில் விற்காமல் போயின. சில வெளிவராமலே போயின. கடந்த 30 வருடங்களாக இவற்றை மறுபடி 'கண்டெடுக்கிறார்கள்'. யார் கண்டெடுக்கிறார்கள், எதைக் கண்டெடுக்கிறார்கள், கண்டெடுக்கிற அந்தச் செயலிலேயே மறுபடி எது விடுபட்டுப் போகிறது என்பதுதான் நம் கேள்வி.

தாயில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு இது உனக்கெதற்கு என்று கேட்கலாம். நமது சூழலில் கறுப்பர்களை நாம் வாசித்திருக்கிறோம், கேட்டதில்லை என்பதுதான் பதில். 1972-ல் மராட்டியத்தில் தலித் சிறுத்தைகள் தோன்றியபோதே அந்தப் பெயர் ஓக்லாந்திலிருந்து வந்தது என்பது தெரிந்த விஷயம். மதுரையில் மலைச்சாமி காலத்துத் தலித் பாந்தர் இயக்கம், 1990-க்குப் பிறகான விடுதலைச் சிறுத்தைகள் என்று அந்தப் பெயர் இங்கும் வேர் பிடித்தது. 90-களில் சிறுபத்திரிகைகள் கறுப்புக் கவிதைகளை மொழிபெயர்த்துப் போட்டன. ஃபனோனைப் போட்டன. அறிக்கைகளைப் போட்டன. எல்லாமே பிரதிகள், அச்சில் வந்தவை. படிக்கத் தெரியாதவர்களும் அந்த இயக்கத்தில் இருந்தார்களே, அவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது? பாட்டாகத்தான். அந்தப் பாட்டு நமக்கு வரவில்லை. எழுத்தை மையப்படுத்தும் பார்ப்பனியத்தை எதிர்த்து எழுதிக்கொண்டே எழுத்தை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறோம் என்று சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

*

சோல் என்பதை இப்படிச் சொல்லலாம்: தேவாலயத்தில் பாடுகிற முறையை அப்படியே வைத்துக்கொண்டு, கர்த்தர் இருந்த இடத்தில் காதலியையோ, கூலியையோ, தெருவையோ வைப்பது. 1954-ல் ரே சார்லஸ் இதைச் செய்தபோது சபைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அதற்கு அடியில் இருந்தது நாலைந்து பேர் சேர்ந்து பாடும் கோஸ்பல் குழு மரபு. கீழ்க்குரல் ஒருவர், மேலே கீச்சுக்குரலில் ஒருவர், நடுவில் இருவர், அவ்வப்போது தனியே எழும்பும் முதற்குரல். வாத்தியம் வாங்கக் காசில்லாத பையன்கள் இதையே தெருமுனைக்குக் கொண்டுவந்தார்கள். ஃபங்க் அதற்கு அடுத்த திருப்பம். ஜேம்ஸ் பிரவுன் 1965-67-ல் மெட்டைப் பின்னே தள்ளி அடியை முன்னே கொண்டுவந்தார். தாளத்தின் முதல் அடியில் மொத்தக் குழுவும் ஒன்றாக விழும். கிட்டாரும் ஊதுகுழலும் தொண்டையும் எல்லாமே ஒருவகைத் தோல்கருவியாகிவிடும்.

இதன் உயிர்நாடி அழைப்பும் பதிலும். ஒருவர் எடுக்க, மற்றவர்கள் திருப்பித் தருவது. பால் கில்ராய் 1993-ல் எழுதிய 'கறுப்பு அட்லாண்டிக்' நூலில் கறுப்பு இசை மரபுகளின் முதன்மையான வடிவக்கூறு என்று இதைத்தான் சொல்கிறார். நமக்கு இது புதிதில்லை. கும்மியில் பின்பாட்டு உண்டு, வயலில் எசப்பாட்டு உண்டு, வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். ஆனால் அவசரப்பட்டு 'எல்லாம் ஒண்ணுதான்' என்று சொல்லிவிடக் கூடாது. வில்லில் 'ஆமா' என்பது புலவர் சொன்னதை ஒத்துக்கொள்வது. கோஸ்பலில் பதில் சொல்கிறவர் ஒத்துக்கொள்வதோடு நிற்பதில்லை. முன்னவரை உசுப்பிவிடுவார், மறிப்பார், சில நேரம் பாட்டையே பிடுங்கிக்கொள்வார். யார் தலைமை என்பது பாட்டு முடிகிறவரை தீர்மானமாகாது.

வியாபாரத்துக்கு இது ஒத்துவராத வடிவம். விளம்பரத்துக்கு ஒரு முகம் வேண்டும். மோடவுன் நிறுவனத்தின் 'சுப்ரீம்ஸ்' என்ற மூன்று பெண்கள் குழு 1967-ல் 'டயானா ராஸும் சுப்ரீம்ஸும்' என்று பெயர் மாற்றப்பட்டது. இலங்கை வானொலி மொழியில் சொன்னால், டயானா ராஸ் மற்றும் குழுவினர். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபுளோரன்ஸ் பல்லார்ட் அதே வருடம் வெளியே தள்ளப்பட்டார். வறுமையில் அரசு உதவித்தொகையில் வாழும் நிலைக்கு வந்து 1976-ல், 32 வயதில் செத்துப்போனார். இதே மாதிரி தன் பெயரை முன்னால் போடச் சொல்லிக் கேட்ட டேவிட் ரஃபினை 1968-ல் 'டெம்டேஷன்ஸ்' குழு வெளியேற்றியது. அந்த வருடக் கடைசியில் அவர்கள் பாடிய 'கிளவுட் நைன்' பாட்டில் ஐந்து பேரும் மாறி மாறி முதற்குரல் எடுக்கிறார்கள். ஒருவர் ஒரு வரி, அடுத்தவர் அரை வரி. ஸ்லை ஸ்டோன் குழு, ஆணும் பெண்ணும் கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து, ஆரம்பித்துவைத்த பழக்கம் அது. 'தலைமை' என்பதைச் சுழற்சியில் விட்டுவிட்ட இசை. நம் கட்சிகளில் யாராவது முயன்று பார்த்திருக்கிறார்களா?

1968 ஆகஸ்டில் ஜேம்ஸ் பிரவுன் கறுப்பன் என்பதில் பெருமைகொள்ளச் சொல்லும் பாட்டைப் பதிவு செய்தார். அதில் பதில் வரி முழுக்க லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துச் சிறுவர் சிறுமியர் ஒரு 30 பேர் கத்துவது. அவர்களில் பலர் கறுப்புக் குழந்தைகளே அல்ல, வெள்ளையரும் ஆசியருமாக இருந்தார்கள் என்று பிரவுன் பிற்பாடு எழுதினார். சிலர் இதை நகைச்சுவையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒன்றின் பெயரும் தட்டில் இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

*

இனி 'உதிரிகள்' கதைக்கு வருகிறேன்.

ஹியூ நியூட்டனும் பாபி சீலும் 1966 அக்டோபரில் ஓக்லாந்தில் தொடங்கிய கறுப்புச் சிறுத்தைகள் கட்சிக்கு ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அதைக் கட்டுக்கட்டி ஊர் ஊராக அனுப்புகிற வேலை ராத்திரி முழுக்க நடக்கும். அந்த வேலையில் இருந்த நாலு இளைஞர்கள் சலிப்புத் தெரியாமல் இருக்க ஒன்றுசேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். பில் கல்ஹூன், கிளார்க் பெய்லி, ஜேம்ஸ் மாட், மைக்கேல் டாரன்ஸ். கேட்டவர்கள் அசந்துபோக, 1970-ல் கட்சி இவர்களை ஒரு குழுவாக்கியது. பெயர் 'தி லம்பன்'. மார்க்சின் 'லம்பன் ப்ரோலிடேரியட்', நாம் உதிரிப் பாட்டாளி வர்க்கம் என்று மொழிபெயர்க்கிறோமே, அந்த லம்பன்.

இந்தப் பெயரில் ஒரு விவாதமே இருக்கிறது. 'பதினெட்டாம் புரூமேர்' நூலில் மார்க்ஸ் உதிரிகளைப் பட்டியல் போட்டு இழித்துப் பேசுகிறார். எந்தப் பக்கமும் விலைபோகக்கூடிய கழிவு என்பது அவரது எண்ணம். ஃபனோன் அதைத் திருப்பிப் போட்டார். காலனியில் இழக்க எதுவும் இல்லாதவர்கள் இவர்கள்தான் என்றார். சிறுத்தைகள் ஃபனோனை எடுத்துக்கொண்டு வேலையில்லாதவர், சிறை சென்றவர், தெருவில் நிற்பவர் எல்லோரையும் அந்தப் பெயரால் அழைத்தார்கள். எல்ட்ரிஜ் கிளீவர் இதைக் கோட்பாடாகவே எழுதினார். இங்கே 90-களில் விளிம்புநிலையினர் குறித்துச் சிறுபத்திரிகைகளில் நடந்த சண்டைகளைப் படித்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய பாதை. ஆனால் ஒரு கட்சி தன் பாட்டுக் குழுவுக்கு அந்த வசவையே பெயராக வைத்து, நாலு பேரை ஒரே மாதிரி உடையில் மேடையில் ஆடவிட்டு, பின்னால் முழு ஃபங்க் வாத்தியக் குழுவையும் நிறுத்தியது என்பதை எந்தக் கட்டுரையிலும் நாம் படிக்கவில்லை.

அவர்கள் செய்தது என்ன? அன்று வானொலியில் ஓடிக்கொண்டிருந்த சோல் பாட்டுகளின் மெட்டை எடுத்து வேறு சொல் போட்டார்கள். சொந்தப் பாட்டும் இருந்தது. அதில் ஒன்று தட்டாக வந்தது: சிறையிலிருந்த பாபி சீலை விடுதலை செய்யக் கோரும் 'ஃப்ரீ பாபி நவ்', 1970, கட்சியே வெளியிட்ட சிறிய தட்டு. 1970 நவம்பர் 10-ல் ஓக்லாந்தின் மெரிட் கல்லூரியில் நடத்திய நிகழ்ச்சியை நெடுந்தட்டாக்கும் எண்ணத்தோடு பதிவும் செய்தார்கள். நெடுந்தட்டு வரவில்லை. 1971-ல் நியூட்டன், கிளீவர் பிளவில் கட்சி இரண்டாகக் கிழிந்தது. குழுவும் கலைந்தது. ஒரு வருட வாழ்க்கை, ஒரு சின்னத் தட்டு, ஒரு நாடா. ரிக்கி வின்சென்ட் 2013-ல் அந்த நாடாவை அடிப்படையாக வைத்து 'பார்ட்டி மியூசிக்' என்ற நூலை எழுதினார். அதற்கு முந்தின வருடம் பாட் தாமஸ் தொகுத்த கறுப்பு அதிகார இசைத் தொகுப்பில் அந்தச் சின்னத் தட்டின் பாட்டு மறுபடி வந்தது. அதுவரை 40 வருடம் மௌனம்.

அதே கட்சியின் எலெய்ன் பிரவுன் 1969-ல் தனியாகப் பாடிய 'சீஸ் தி டைம்' நெடுந்தட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹோரஸ் டாப்ஸ்காட் இசை அமைத்தது, ஒரு வணிக நிறுவனம் வெளியிட்டது. எலெய்ன் பிரவுன் பிறகு 1974-ல் கட்சிக்கே தலைமை ஏற்றவர். அந்தப் பாட்டுகளில் குறைசொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தனிக்குரல் நெடுந்தட்டாக நின்றதும் கூட்டுக்குரல் நாடாவில் முடங்கியதும் தற்செயலா? கட்சியும் சந்தையும் எதிரெதிர் முனைகள் என்று நினைக்கிறோம். தனிக்குரலைக் காப்பாற்றி வைப்பதில் இரண்டுக்கும் ஒரே காதுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லம்பன் குழுவில் பெண் இல்லை. கூட்டுக்குரல் என்றதும் அதில் எல்லாரும் இருப்பதாக நாமே கற்பித்துக்கொள்ள வேண்டாம்.

மெட்டை இரவல் வாங்குவது தரக்குறைவு என்கிற அழகியல் நம்மிடம் உண்டு. ஊரே ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கும் மெட்டில் சொல்லை மாற்றும்போது, கேட்கிறவனுக்கு அடுத்த வரி எங்கே விழும் என்று தெரியும். முதல் தடவையே கூடப் பாடிவிடுவான். புது மெட்டில் அவன் கேட்பவன், பழைய மெட்டில் அவனும் குழுவினர்.

*

'24 காரட் பிளாக்' குழுவின் கதை வேறு மாதிரி.

சின்சினாட்டியைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் சிலர் 'டிட்டாலியன்ஸ்' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் ஐசக் ஹேய்ஸ் முதலானவர்களுக்குத் தந்திவாத்தியங்கள் அமைத்துக்கொடுத்த டேல் வாரன் இவர்களைப் பிடித்துப் பெயரை மாற்றி, பழக்கி, 1973-ல் 'கெட்டோ: மிஸ்ஃபார்ச்சூன்ஸ் வெல்த்' என்ற நெடுந்தட்டைக் கொண்டுவந்தார். சேரியின் வறுமையைத் தவிர அதில் வேறு பேச்சே கிடையாது. ஒரு பாட்டு 12 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. காதல் இல்லை, ஆறுதல் இல்லை. வயலினும் ஃபங்க் அடியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே போகின்றன. யார் வாங்குவார்கள்? விற்கவில்லை. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் நிறுவனமே திவாலானது. பிள்ளைகள் காசில்லாமல் வீடு திரும்பினார்கள்.

இந்தத் தட்டை ஒருநாள் தாயில்பட்டியில் எங்கள் பெரியம்மாவுக்குச் செல்போனில் போட்டுக் காட்டினேன். பத்து வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர், பிறகு பயர் ஆபீஸில் சரம் பின்னியவர். சோதனை பண்ணிப் பார்க்கிற புத்தி எனக்கு. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "வேதக்கோயில் பாட்டால்ல இருக்கு" என்றார். பிறகு, "ஆனா ஆட்டமும் வருதே, கோயில்ல எப்படிய்யா ஆடுவாக?" மேலே ரே சார்லசிலிருந்து நான் ஒரு பத்தி எழுதியதை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். பாட்டு நீண்டுகொண்டே போனது. "இவ யாருக்குய்யா இப்படி ஒப்பாரி வைக்கிறா?" வறுமையைப் பற்றிப் பாடுகிறாள் என்றேன். "அதுக்கா இவ்வளவு நேரம்?" என்று சிரித்துவிட்டு எழுந்து போனார். விமர்சனமா பாராட்டா என்று இன்னும் விளங்கவில்லை.

1970-களில் தோன்றிய ஹிப்-ஹாப் 1980-களின் கடைசியில் பரவலானது. பழைய தட்டுகளிலிருந்து இரண்டு விநாடி, நான்கு விநாடி வெட்டி எடுத்துச் சுற்றவிட்டு அதன்மேல் பேசுவது அதன் முறை. தூசி படிந்த பெட்டிகளில் யாருக்கும் தெரியாத தட்டுகளைத் தோண்டி எடுப்பது ஒரு கலையானது. 24 காரட் பிளாக் அப்படித்தான் உயிர்பெற்றது. 1990-ல் எரிக் பி. - ராகிம், 2017-ல் கென்ட்ரிக் லமார், 2018-ல் புஷா டி என்று அந்தக் குழுவின் பதிவுகளிலிருந்து வெட்டிப் பாடியவர்கள் பலர். சிகாகோவின் நியூமரோ நிறுவனம் 2009-ல் வெளிவராத பதிவுகளையும் வெளியிட்டது. 2020-ல் சாக் ஷோன்ஃபெல்ட் தனி நூலே எழுதினார். பாடிய பிள்ளைகள் இப்போது முதியவர்கள். கோடிக்கணக்கானோர் காதில் தங்கள் குரல் ஓடியும் தங்களுக்குக் காசு வரவில்லை என்று அவர்கள் சொன்னதை அவர் பதிவு செய்திருக்கிறார்.

எப்படி நடக்கிறது இது? பதிவின் உரிமை நிறுவனத்துக்கு, பாட்டின் உரிமை எழுதியதாகப் பதிந்தவருக்கு. பாடியவருக்குப் பெரும்பாலும் அன்றைய கூலியோடு கணக்கு முடிந்தது. திவாலான ஸ்டாக்ஸின் பதிவுகளை 1977-ல் ஃபேன்டசி நிறுவனம் வாங்கியது. ஃபேன்டசியை 2004-ல் கான்கார்ட் வாங்கியது. நிலம் கைமாறுவதுபோலக் குரல் கைமாறியது. உழுதவனுக்குப் பட்டா கிடையாது.

'அபூர்வம்' என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். விற்காததால்தான் அது அபூர்வம். அபூர்வம் என்பதால்தான் இன்று விலை. அன்றைய தோல்வியே இன்றைய முதலீடு. ஜப்பானிலும் இங்கிலாந்திலும் சேகரிப்பவர்கள் ஒரு தட்டுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள், அந்தப் பணம் தட்டு வைத்திருந்தவருக்குப் போகிறது. சேகரிப்பவன் பொருளைப் பயன்பாட்டின் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறான் என்று வால்டர் பெஞ்சமின் சொன்னது அழகான யோசனைதான். பாட்டுக்கு அந்த விடுதலை எதற்கு? பாட்டு, பயன்படத்தானே பிறந்தது. அதே சமயம், அந்தச் சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் எனக்கும் பெரியம்மாவுக்கும் அந்தக் குரல் வந்திருக்காது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

தமிழர்களிடம் சோல் குரற்குழு இருந்ததா? இருந்தது. தமிழில் பாடவில்லை, அதனால் நாம் கணக்கில் எடுக்கவில்லை.

பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் 1960-களின் கடைசியில் தொடங்கிய 'அலிகேட்ஸ்' குழு. வியட்நாம் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்கள் விடுப்பில் வந்து இறங்கிய ஊர்களில் பினாங்கும் ஒன்று. சிப்பாய்களில் கறுப்பர்கள் கணிசம். அவர்களுக்கு மதுக்கூடத்தில் சோல் வேண்டும். ஆசியத் துறைமுக நகரங்களின் வாத்தியக் குழுக்கள் அந்த இசையைக் கற்றது இப்படித்தான், போரின் வால்பிடித்து. அலிகேட்ஸ் 70-களில் ஹாங்காங் இரவு விடுதிகளில் பாடினார்கள். தலையில் பந்துபோல விரிந்த ஆஃப்ரோ முடி அவர்களுடைய அடையாளம். 70-களின் கடைசியில் மலேசியா திரும்பி மலாய் மொழியில் பாடி, எம். நாசிர் போன்றவர்கள் அமைத்த மெட்டுகளில் நாடறிந்த நட்சத்திரங்களானார்கள். லோகநாதன் 2007-ல் மறைந்தபோது மலேசியாவே துக்கப்பட்டது.

மலேசியாவில் அவர்கள் கவனிக்கப்படாதவர்கள் இல்லை. தமிழ் இசை வரலாற்றில்தான் இடமில்லை. ஏன் மலாய்? 1969 மே கலவரத்துக்குப் பிறகு, 1971-ல் மலாய்ப் பண்பாட்டை அடித்தளமாகக் கொண்ட தேசியப் பண்பாட்டுக் கொள்கை வகுக்கப்பட்ட நாடு அது. தமிழன் அங்கே வெளியே கேட்கும்படி பாட வேண்டுமானால் மலாயில் பாட வேண்டும். அதைக் காட்டிக்கொடுப்பு என்றும் படிக்கலாம். எனக்கு அந்த முடி முக்கியம். சொல் மலாய், உடல் தமிழ், முடி கறுப்பு. கறுத்த தோலை மறைக்க மாவு பூசிய தமிழ் சினிமா ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், இரண்டு தமிழர்கள் கறுப்பைத் தலையில் சூடிக்கொண்டு மேடையேறினார்கள்.

*

கடைசியாக, நம் வீட்டுக் கணக்கு. லம்பன் கதையைப் படித்தபோதெல்லாம் எனக்குப் பாவலர் வரதராசன்தான் நினைவுக்கு வந்தார். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடியவர். பிறகு தம்பிகள் சேர்ந்து 'பாவலர் பிரதர்ஸ்'. வருடக்கணக்கில் ஊர் ஊராக, ஆர்மோனியமும் தபேலாவுமாக, பிரபலமான சினிமா மெட்டில் கட்சிச் சொல்லைப் போட்டு. முறை அதேதான். கட்சிக்கும் பாட்டுக்குமான உறவும் அதேதான்: கூட்டம் சேரும்வரை பாடு, தலைவர் வந்ததும் நிறுத்து. அண்ணன் தம்பிகள் சேர்ந்து பாடிய அந்த மேடைகளில் ஒன்றின் பதிவும் நம் கையில் இல்லை. அவர்களுக்கு ஒரு மெரிட் கல்லூரி நாடாகூட இல்லை. தம்பிகளில் ஒருவர் சென்னைக்குப் போய் இளையராஜாவானார். அவருடைய 1977-83 காலச் சினிமாப் பாட்டுகளை இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் தொகுத்து வெளியிட்டபோது, மேற்கத்தியக் காதுகள் அதில் ஃபங்க்கைக் கண்டெடுத்தன. அந்தப் பாட்டுகளில் குரற்குழுவுக்கு அவர் கொடுத்த இடம் அலாதியானது. சில பாட்டுகளில் குழுவினரே பாட்டைத் தூக்கிச் செல்கிறார்கள். அந்தக் காது கட்சி மேடையில் பின்பாட்டுப் பாடிப் பழகிய காது என்று நான் நினைக்கிறேன். இருந்தும் சீட்டில் என்ன எழுதியிருந்தது? குழுவினர்தான்.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர், கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த 19 பேர். குழு என்பதையே பெயராக வைத்த குழு. அதிலிருந்து வந்த அறிவு 2021-ல் எழுதிப் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியபோது, யார் பெயர் முன்னால், யார் படம் அட்டையில் என்ற சண்டை வந்தது. அந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024-ல் பகிரங்கமாகச் சொன்னார். 1973-க்கும் இதற்கும் இடையில் தொழில்நுட்பம் மாறியிருக்கிறது.

எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் பாடப்பட்ட பாட்டுகளை யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா என்று தேடினேன். குழந்தைத் தொழிலாளர் பற்றி அறிக்கைகள் உண்டு, விபத்துப் பட்டியல்கள் உண்டு. பாட்டு இல்லை. பட்டாசில் மருந்து செலுத்துகிற அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. வெடித்தால் நாலோடு போகட்டும் என்ற கணக்கு. அந்த விதியும் மீறப்படுவதை விபத்துச் செய்திகளில் படிக்கிறோம். தீப்பெட்டியில் அப்படியில்லை, ஐம்பது அறுபது பேர் ஒரே கொட்டகையில். அங்கேதான் பாட்டு இருந்திருக்கிறது. சினிமாப் பாட்டு, அதன் மெட்டில் போர்மேனைக் கேலிசெய்து கட்டியது, சங்கக் கொடியேற்றின நாளில் பாடியது எல்லாம்.

பெரியம்மாவிடம் அதில் ஒன்றைப் பாடச் சொல்லிச் செல்போனை நீட்டினேன். முதல் வரியை எடுத்தார். அடுத்த வரியில் நிறுத்திவிட்டார். மறந்துவிட்டதா என்றேன்.

"மறக்கல. இந்த இடத்துல அவளுக சொல்லணும்ல. எனக்கு எடுக்க மட்டுந்தான் தெரியும், திருப்பிச் சொல்றது மேலத்தெருக்காரிகளுக்குத்தான் தெரியும். ஒருத்தி செத்துப்போனா. ஒருத்திய மக திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. ஒருத்தி இங்கனதான் இருக்கா, காது கேக்காது."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம வாய்யா. அவளக் கூட்டிட்டு வாரேன். என் வாயப் பாத்துச் சொல்லிருவா."